அரக்கு

அங்காராவிலிருந்து தந்தி வந்த காலையில்
மை உறைந்திருந்தது.
புட்டியைக் கக்கத்தில் இடுக்கி உருக்கினேன்.
ஐம்பத்து நான்கு, ஜனவரி. பதினோரு சொற்கள்.
அதில் ஒன்று ‘உடனே’.

கராகுயுவில் கட்சிக்கு இருந்ததே ஓர் அறை,
ஃபெய்ஸுல்லா கடலை வறுக்கும் கடைக்கு மேலே.
சேவகன் மெழுகுவர்த்தி பிடிக்க
அரக்குக் குச்சியும் பித்தளை முத்திரையுமாய்ப் படியேறினேன்.
நீதிமன்ற எழுத்தன், மூன்றாம் நிலை.
பதினான்கு படி. ஆறாவது ஆடும்.
அதைத் தாண்டிக் கால் வைத்தேன்.
எப்படித் தெரியும் என்று சேவகன் கேட்கவில்லை.

மேலே சாவியோடு நின்றான் ருக்னெத்தின்.
கிளைப் பொருளாளர். என் மனைவியின் தம்பி.
சவரம் செய்து, கழுத்துப்பட்டை கட்டி,
சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் காத்திருப்பவன் போல.

எழுதினேன்.
நாற்காலி ஏழு, இரண்டுக்குக் கால் ஊனம்.
கணப்படுப்பு ஒன்று, புகைக்குழாய் நான்கு துண்டு.
உலைமூடி ஒன்று.
பானை எங்கே?
“உங்கள் வீட்டில்தான், அத்தான். அக்கா இரவல் வாங்கினாள்.”

நாற்பத்தெட்டில் இந்த அறையைத் திறந்தபோது
ஊரில் மூன்று பேர் சிரித்தார்கள்.
ஒருவர் வட்ட ஆட்சியர்.
பிறகு பாரவண்டிக்காரர்கள் வந்தார்கள்,
ஆட்டு வாடை வீசும் கம்பளிகள் வந்தன,
சட்டம் சொன்ன மொழியில் பதினெட்டு ஆண்டு
பாங்கு சொல்லித் தொண்டை கட்டிப்போன மோதினார் வந்தார்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
“நாங்களும் தேசம்தானே” என்றார்கள்,
கடைசிச் சொல்லில் கொஞ்சம் சந்தேகத்தோடு.
ஐம்பதில் ஆட்சி மாறியது.
வட்ட ஆட்சியர் மாறினார்.
சிரிப்பு நின்றது.

அவர்கள் பேசியதெல்லாம் எனக்கு உவப்பு என்று சொல்லமாட்டேன்.
பெண்கள் பள்ளியைப் பற்றி ருக்னெத்தின் மேடையில் சொன்னதற்கு
அவன் அக்கா எட்டு நாள் அவனுக்குத் தட்டு வைக்கவில்லை.
நானும் சொல்லி வைக்கச் சொல்லவில்லை.

மதத்தின் மேல் கட்டிய கட்சி என்றது தீர்ப்பு.
நான் பார்த்தவரை
அது கடலைக் கடையின் மேல் கட்டியிருந்தது.
தரைப்பலகை இடுக்கில் சூடும் மணமும் ஏறிவரும்.
கூட்டம் நீண்டால் எல்லோருக்கும் பசிக்கும்.

பணப்பெட்டி ஒன்று. முப்பத்தொரு லிரா நாற்பது குருஷ்.
அடியில் நாலாக மடித்த சீட்டு.
என் கையெழுத்து.
மகள் நெஞ்சுச் சளியில் கிடந்த டிசம்பரில்
ஊசி மருந்துக்கு வாங்கிய ஐந்து லிரா.

ருக்னெத்தின் ஒன்றும் பேசவில்லை.
கணப்படுப்பின் சின்னக் கதவை மட்டும்
கால் நுனியால் திறந்தான்.
உள்ளே கங்கு இருந்தது.
சேவகன் ஜன்னலுக்குத் திரும்பி
பனியை எண்ணத் தொடங்கினான்.

கடன் சீட்டு ஒன்று, ஐந்து லிரா, என்று எழுதினேன்.
வாங்கியவர் பெயருக்கு வந்தபோது
மை மறுபடி உறைந்துவிட்டது.
புட்டி கக்கத்துக்குப் போனது.
மூன்று பேரும் காத்திருந்தோம்.

பெயர்ப்பலகையின் ஆணிகள் துருவேறி அசையவில்லை.
சாக்கு போர்த்திக் கட்டினோம்.
அதுவரை அதைப் பார்க்காமல் நடந்த ஊர்
அன்றிலிருந்து நின்று,
சாக்கைப் படித்துவிட்டுப் போனது.

கதவில் அரக்கு சொட்டும்போது ஒரு துளி
என் கட்டைவிரலில் விழுந்தது.
சுட்டது.
முத்திரை முதலில் குத்தியது எங்கே என்று
அறிக்கையில் குறிப்பிட இடம் இல்லை.

(ஏப்ரலில் கருவூலத்திலிருந்து கடிதம்:
ஐந்து லிரா, வில்லைக் கட்டணம் தனி.
எதிர்த் தெருவில் அதற்குள் புதுப் பலகை,
பழைய பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடுதலாக,
ருக்னெத்தினே ஏணியைப் பிடித்திருந்தான்.)

அன்று மாலை வீட்டில் பானை கொதித்துக்கொண்டிருந்தது.
மேலே ஒரு தட்டு.
“அறையைப் பூட்டினீர்களாமே. மூடி எங்கே?” என்றாள்.
“அரசின் பாதுகாப்பில்.”
அவள் சிரிக்கவில்லை.
தட்டு குதித்துக்கொண்டே இருந்தது.